கொட்டாங்கச்சித் தராசும் நாலு படிக்கல்லும்

மே மாத விடுமுறைக்கு அக்கா பிள்ளைகள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். மூத்தவள் ஏழாம் வகுப்பு முடித்தவள், சின்னவன் நாலாம் வகுப்பு. எதிர்வீட்டுப் பையன் ஆறாவது. காலையில் பல் துலக்கிய கையோடு வந்தால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவான். சாயங்காலமானால் திண்ணையில் உட்கார்ந்து இந்த மூவருக்கும் புதிர்க்கணக்கு போடுவேன். அன்றைக்குச் சொன்னது எல்லோருக்கும் தெரிந்த பழைய கணக்குதான்.

ஒரு வியாபாரியிடம் 40 கிலோ படிக்கல் ஒன்று இருந்தது. அது கீழே விழுந்து நாலு துண்டாகிவிட்டது. துண்டுகளை நிறுத்துப் பார்த்தவருக்கு வருத்தத்துக்குப் பதில் சந்தோஷம். அந்த நாலை மட்டும் வைத்து 1 கிலோவிலிருந்து 40 கிலோ வரை எந்த முழுக் கிலோவையும் நிறுத்துவிடலாம். ஒவ்வொரு துண்டும் என்ன எடை?

"1, 3, 9, 27" என்று மூத்தவள் உடனே சொல்லிவிட்டாள். பள்ளியில் யாரோ சொல்லிக் கேட்டதாம். "சரி, ரெண்டு கிலோ எப்படி நிறுப்பே?" என்று கேட்டேன். பதில் இல்லை. விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். ஒன்றும் மூன்றும் நாலு. ரெண்டு எங்கே?

"தராசுக்கு ரெண்டு தட்டு இருக்குல்ல, யோசி" என்றேன்.

அப்போது சின்னவன் கேட்டான்: "ரெண்டாவது தட்டு எதுக்கு மாமா?"

எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. இந்தப் பிள்ளைகள் இரண்டு தட்டுத் தராசில் யாரும் நிறுத்துப் பார்த்ததே இல்லை. மளிகைக் கடை, காய்கறி வண்டி, மீன்காரம்மா என்று எங்கே போனாலும் எலக்ட்ரானிக் தராசுதான். ஒரே தட்டு, சிவப்பாக ஓர் எண். புதிரின் உயிரே இரண்டாவது தட்டில்தான் இருக்கிறது. அதைக் காட்டாமல் விடையை மட்டும் ஒப்பிக்க வைத்து என்ன பயன்? நாமே ஒரு தராசு செய்வோம் என்று முடிவானது. ரெண்டு நாள் வேலை என்று நினைத்தேன். ஒன்பது நாள் ஆனது.

கோலும் தட்டும்

தட்டுக்குக் கொட்டாங்கச்சி. ஒரே தேங்காயை உடைத்து இரண்டு பாதியையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். கண் இருக்கும் பாதியும் அடிப்பாதியும் வடிவத்திலும் எடையிலும் ஒன்றாக இருக்காது. இரண்டு தேங்காயிலிருந்து அடிப்பாதிகளை மட்டும் எடுத்து, நாரைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். விளிம்பில் சம இடைவெளியில் மூன்று ஓட்டை. ஆணியைப் பழுக்கக் காய்ச்சி அழுத்தினால் ஓடு விரிசல் விடாமல் துளை விழும். இதைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். நைலான் நூலை மூன்று துளையிலும் கோர்த்து மேலே முடிச்சு.

கோலுக்கு முதலில் மூங்கில் பிளாச்சு எடுத்தேன். கால் கிலோ வைத்ததும் வில்லாக வளைந்தது. வளைந்த கோலில் கையின் நீளம் மாறிவிடும், எடை பொய்யாகும். அதைத் தள்ளிவிட்டு, கூரை வேலையில் மிஞ்சிக் கிடந்த ரீப்பர் கட்டையில் 45 செ.மீ. துண்டு அறுத்தேன். உயரம் 2.5 செ.மீ., தடிமன் 1 செ.மீ. நடுவில் அச்சாக ஒரு சைக்கிள் ஸ்போக் துண்டு. தராசைத் திண்ணை உத்திரத்திலிருந்து கம்பி வளையத்தில் தொங்கவிட்டோம்.

முதல் முயற்சியில் தட்டுகளைக் கோலின் மேல்விளிம்பில் கொக்கி அடித்துத் தொங்கவிட்டு, அச்சுத் துளையை உயரத்தின் நடுவில் போட்டேன். வெறும் தட்டோடு கொஞ்சம் நின்றது. இரண்டு பக்கமும் சமமாகப் பருப்பைப் போட்டதும் ஒரு பக்கம் தலைகுப்புறச் சாய்ந்தது. நிமிர்த்தினால் மறுபக்கம் சாய்ந்தது. எதிர்வீட்டுப் பையன், "இது சீசா மாதிரி இருக்கு" என்றான். காரணம் இதுதான்: பாரம் தொங்கும் இடம் அச்சுக்கு மேலே இருந்தால், லேசாகச் சாய்ந்த பக்கத்தின் பாரம் அச்சை விட்டு இன்னும் விலகிப் போகும், எதிர்ப்பக்கத்துப் பாரம் அச்சை நெருங்கும். சாய்வு சாய்வையே வளர்க்கும்.

இரண்டாவது முயற்சியில் தலைகீழாகச் செய்தேன். கோலின் முதுகில் வளையக் கொக்கி திருகி, அச்சை வெகு மேலே கொண்டுபோனேன். இப்போது தராசு ரொம்ப நல்ல பிள்ளை. எதற்கும் அசையாது. இரண்டு தட்டிலும் நிறையப் பாரம் வைத்தால் 10 கிராம் வித்தியாசத்துக்கும் பட்டும் படாமல்தான் சாய்ந்தது. சமமா இல்லையா என்று மூவருக்கும் சண்டை.

மூன்றாவது தடவைதான் சரி வந்தது. தட்டுகள் தொங்கும் துளைகள் இரண்டும் கோலின் நடுக்கோட்டில், அச்சுத் துளை அந்தக் கோட்டுக்கு வெறும் 5 மி.மீ. மேலே. கோலின் நடுவில் செங்குத்தாக ஓர் ஈர்க்குச்சியைக் கீழ்நோக்கி ஒட்டினோம், அதுதான் முள். பக்கத்தில் ஒரு நட்டைக் கட்டிய நூல். முள்ளும் நூலும் ஒன்றாக நின்றால் சமம். காலித் தட்டில் ஒரே ஒரு புளியங்கொட்டையைப் போட்டேன், முள் நகர்ந்தது. சின்னவன் அதையே பத்துத் தடவை போட்டு எடுத்துப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்தபோது மூன்று தடவை துளை போட்ட அலுப்பெல்லாம் போய்விட்டது.

ஆனாலும் ஒரு குறை ஒளிந்திருந்தது. ஒரு கொட்டாங்கச்சி லேசாக இருந்ததால் அதன் அடியில் மெழுகு உருக்கி ஒட்டிக் காலித் தட்டுகளைச் சமன் செய்திருந்தேன். சமம்தானே என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஒரு பொட்டலத்தை நிறுத்துவிட்டு, விளையாட்டாகப் பொட்டலத்தையும் கல்லையும் தட்டு மாற்றி வைத்தபோது கோல் சாய்ந்தது. அளந்து பார்த்தால் ஒரு கை 20 செ.மீ., மறு கை 19.6 செ.மீ. 4 மி.மீ. வித்தியாசம். 270 கிராமை நீளக் கையில் வைத்தால் மறுபக்கம் 275 கிராமுக்கு மேல் கேட்கும். காலித் தட்டு சமமாக நிற்பது தராசு சரி என்பதற்கு அத்தாட்சி இல்லை. தட்டை மாற்றி வைத்துப் பார்ப்பதுதான் அத்தாட்சி. தவறான துளையில் ஃபெவிகால் தடவிய தீக்குச்சிகளைச் செருகி, ஒரு ராத்திரி காயவிட்டு, சரியான இடத்தில் மறுபடி துளை போட்டேன்.

படிக்கல்

திண்ணையில் கிலோக் கணக்கில் முடியாது. அதனால் 1, 3, 9, 27 என்பதைப் பத்தால் பெருக்கி 10, 30, 90, 270 கிராம் என்று வைத்துக்கொண்டோம். மொத்தம் 400 கிராம். பத்துப் பத்தாக 10 முதல் 400 வரை நிறுக்கலாம்.

கடையில் நிறுத்து வாங்கிவரலாம்தான். ஆனால் எடை எங்கிருந்து வருகிறது என்பதையும் பிள்ளைகள் பார்க்கட்டும் என்று தோன்றியது. மருந்துக் கடையில் 10 மி.லி. சிரிஞ்ச் ஒன்று வாங்கினேன், ஊசி வேண்டாம் என்று சொல்லி. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். இரண்டு தட்டிலும் ஒரே மாதிரி டப்பா. ஒன்றில் ஒரு சிரிஞ்ச் தண்ணீர், மற்றதில் முள் சமமாகும் வரை மணல். அதுதான் 10 கிராம். மூன்று சிரிஞ்ச் 30. ஒன்பது சிரிஞ்ச் 90. மணலைச் சின்னச் சுருக்குப் பைகளில் கட்டினோம். அம்மாவின் பழைய ரவிக்கைத் துணி.

270க்கு 27 தடவை சிரிஞ்ச் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அரை மில்லி கூடக் குறைய ஆனால்கூடப் பிழை ஏறிக்கொண்டே போகும். மூத்தவள் கொஞ்ச நேரம் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, இந்த மூணையும் சேத்தா 130. மூணையும் ஒரு தட்டுல வெச்சு, அதுக்குச் சமமா மணல் எடுத்தா இன்னொரு 130. ரெண்டையும் சேத்தா 260. ஒரே ஒரு சிரிஞ்ச் போட்டா 270!"

இதைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் அந்தப் புதிரின் காரணமே கையில் சிக்கியது. 1ஐ வைத்து 1 வரைதான் நிறுக்க முடியும். அடுத்த கல் 3 ஏன்? ஒன்றின் இரட்டிப்பு, அதற்கு மேல் ஒன்று. 1ம் 3ம் சேர்ந்து 4 வரை. அடுத்தது நாலின் இரட்டிப்பும் ஒன்றும், 9. மூன்றும் சேர்ந்து 13 வரை. அடுத்தது 13ன் இரட்டிப்பும் ஒன்றும், 27. இருக்கிற கல்லால் 13 வரை போகலாம் என்றால் அடுத்து வேண்டியது 14. புதுக் கல்லிலிருந்து 13ஐக் கழித்தால் அந்த 14 வர வேண்டும். அப்படியானால் கல் 27. ஒரு கல்லும் வீணில்லை, ஓர் எண்ணும் விடுபடுவதில்லை. இந்தக் கணக்கை 1612இலேயே பிரான்சில் பாஷே என்பவர் அச்சிட்டிருக்கிறார். அவரும் 40 என்றுதான் கேட்டார். அதற்கும் நானூறு வருஷம் முன்னால் இத்தாலிக்காரர் ஃபிபொனாச்சியின் கையிலும் இது இருந்திருக்கிறது. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி மணல் அள்ளுகிற சிரமத்தைக் குறைக்கப் போய் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தாள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி.

மறுநாள் காலை அந்த மகிழ்ச்சிக்குச் சோதனை வந்தது. மூத்தவள் 270 பைக்கு எதிரே 90 பையையும் 180 மில்லி தண்ணீரையும் வைத்துப் பார்த்தாள். ஒத்துவரவில்லை. 270 பை பத்துக் கிராமுக்கு மேல் குறைந்தது. "நான்தான் தப்பாக் கணக்குப் போட்டிருப்பேன்" என்று நோட்டை எடுத்து மறுபடி மறுபடி கூட்டினாள். முகம் சுண்டிவிட்டது. கணக்கில் தப்பே இல்லை. மணலில்தான் தப்பு. ஆற்று மணலை வாளியில் இருந்தபடியே ஈரத்தோடு கட்டிவிட்டேன். ராத்திரி காற்றில் ஈரம் போனது, எடையும் போனது. எல்லாப் பையும் குறைந்திருந்தது, பெரிய பையில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. விடை ஒத்துவராதபோது பிள்ளைகள் முதலில் தங்களைத்தான் சந்தேகிக்கிறார்கள். பொருளையும் சந்தேகிக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

மணலை இரும்பு வாணலியில் வறுத்து, ஆறவைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயை மெழுகுவத்தியில் ஒட்டி, அப்புறம் பையில் வைத்தோம். இந்தத் தடவை ஒரு சரிபார்ப்பும் கிடைத்தது. அம்மாவின் உண்டியலில் பழைய ஐந்து ரூபாய் நாணயங்கள் இருந்தன, தடிமனாக வெள்ளையாக வருமே அது. ஒன்று 9 கிராம். பத்து நாணயத்தை ஒரு தட்டில், 90 பையை மறு தட்டில் வைத்தோம். முள் நூலோடு நின்றது. "காசு வெச்சே நிறுக்கலாம் போலயே" என்றான் சின்னவன். நிறுக்கலாம்தான். தேய்ந்த நாணயம் கொஞ்சம் குறையும், பத்துக் கிராம் கணக்குக்கு அது பெரிய விஷயமில்லை.

கண்டக்டர் சொன்ன கணக்கு

எல்லாம் தயாரானதும் முதல் கேள்வி: "50 கிராம் கடலைப்பருப்பு நிறுத்துக் குடுங்க."

10ம் 30ம் சேர்ந்தால் 40. அடுத்தது 90, ரொம்ப அதிகம். மூவரும் பைகளை இந்தத் தட்டில் வைத்தும் எடுத்தும் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. நீண்ட நேரம் போனது.

எதிர்வீட்டுப் பையன்தான் பேசினான். அவன் அப்பாவோடு அடிக்கடி கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் போய் வருகிறவன். "மாமா, டிக்கெட் 13 ரூபா. நாம 20 ரூபா நோட்டக் குடுத்தா கண்டக்டர் 'மூணு ரூபா சில்லறை இருக்கா?'ம்பார். மூணைக் குடுத்தா அவர் பத்து ரூபாயாத் திருப்பித் தருவார். அது மாதிரிதானே?"

"எப்படிடா?"

"90ஐ அந்தப் பக்கம் வெச்சிட்டு, பருப்போட 30ஐயும் 10ஐயும் இந்தப் பக்கம் நாம போட்டுறது."

வைத்தான். பருப்பைக் கொட்டிக்கொண்டே வந்தான். முள் நூலைத் தொட்டது. பைகளை எடுத்துவிட்டால் தட்டில் மிச்சம் 50 கிராம்.

எனக்கே இந்த ஒப்புமை தோன்றியதில்லை. நான் பாடமாகச் சொல்லியிருந்தால் '90இல் 40ஐக் கழி' என்று சொல்லியிருப்பேன். அவன் சொன்னது வேறு. கழித்தல் என்பது ஒன்றை எடுத்துவிடுவது இல்லை, எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைப்பது. சில்லறை கொடுப்பதும் அதுதான். 13 ரூபாய்க்கு நாம் 23 கொடுக்கிறோம், அந்தப் பக்கத்திலிருந்து 10 வருகிறது. மூத்தவளுக்கு இது தோன்றாததற்கும் ஒரு காரணம் உண்டு. 2021இலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது ரொம்ப நல்ல காரியம். ஆனால் அவள் வயதுப் பெண்ணுக்குக் கண்டக்டரோடு சில்லறைக் கணக்குப் பேசும் வாய்ப்பு குறைந்துவிட்டது. அவளுக்கு அதே கணக்கை மளிகைக் கடையில் காட்டினேன். 67 ரூபாய் சாமானுக்கு 102 ரூபாய் கொடுத்தால் 35 திரும்பி வரும், ஒரு ரூபாய் நாணயம் தேட வேண்டியதில்லை.

அதற்கப்புறம் வேகம் பிடித்தது. 20க்கு 30 ஒரு பக்கம், 10 மறுபக்கம். 80க்கு 90ம் 10ம் எதிரெதிரே. 140 வந்தபோது மறுபடி திணறல். 130 வரை மூன்று சின்னக் கல்லே போதும், 140க்குத்தான் முதல் தடவையாக 270 தேவைப்படுகிறது. மற்ற மூன்றும் பருப்புப் பக்கம். கால் கிலோவுக்கு, அதாவது 250க்கு, 270ம் 10ம் ஒரு பக்கம், 30 மறுபக்கம். 200க்குத்தான் ரொம்ப நேரம் பிடித்தது: 270ம் 30ம் ஒரு பக்கம், 90ம் 10ம் பருப்போடு.

எந்த எண்ணுக்கும் ஒரு வழி இருக்கிறதா என்று மூத்தவள் கேட்டாள். இருக்கிறது. பத்துக் கிராம் கணக்கில் 200 என்பது 20. மூன்றால் வகு, ஈவு 6, மீதி 2. மீதி 2 வந்தால் சின்னக் கல் பருப்புப் பக்கம், ஈவோடு ஒன்று கூட்டிக்கொள், 7. மறுபடி மூன்றால் வகு, ஈவு 2, மீதி 1. மீதி 1 என்றால் அடுத்த கல் எதிர்ப்பக்கம். 2ஐ மூன்றால் வகு, ஈவு 0, மீதி 2. அந்தக் கல்லும் பருப்புப் பக்கம், ஒன்று கூட்டு. மிஞ்சிய ஒன்று பெரிய கல். மீதி 0 வந்தால் அந்தக் கல்லைத் தொட வேண்டாம். அவள் 10 முதல் 400 வரை நாற்பது எடைக்கும் அட்டவணை போட்டுத் திண்ணைத் தூணில் ஒட்டியிருக்கிறாள். ஒரு தப்புகூட இல்லை, நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன்.

அம்மாவின் படி

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா உள்ளே போய் அவளுடைய பித்தளை அளவைகளைக் கொண்டுவந்து வைத்தாள். படி, அரைப்படி, உழக்கு, ஆழாக்கு. அரைப்படிக்குப் பழைய பெயர் உரி. உழக்கு கால்படி, ஆழாக்கு அரைக்கால்படி. ஆழாக்கைக் கணக்கில் வைத்தால் 1, 2, 4, 8.

பிள்ளைகளுக்குப் புதிர்: 11 ஆழாக்கு அரிசி வேண்டும், ஒவ்வொரு அளவையையும் ஒரு தடவைதான் எடுக்கலாம். படியும் உழக்கும் ஆழாக்கும். சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு தடவை, அல்லது இல்லை, அவ்வளவுதான். நாலும் சேர்ந்து 15 ஆழாக்கு வரை எல்லா அளவும் வந்துவிடும். அடுத்து ஏழு ஆழாக்கு என்றேன். மூத்தவள் அரைப்படி, உழக்கு, ஆழாக்கு மூன்றையும் எடுத்தாள். அம்மா சிரித்தாள். "எதுக்குடி மூணு? ஒரு படி அளந்து, அதிலேருந்து ஒரு ஆழாக்கு எடுத்தாப் போச்சு." கண்டக்டர் கணக்கு அம்மாவின் கையில் எழுபது வருஷமாக இருந்திருக்கிறது.

தராசுக்கு மும்மடங்கு இவ்வளவு சிக்கனம் என்றால் நம் பெரியவர்கள் அளவையை ஏன் இரட்டித்தார்கள்? 400 கிராம் வரை ஒரே தட்டில் கல் வைத்து நிறுக்க இரட்டிக்கும் கற்கள் ஆறு வேண்டும். இரண்டு தட்டிலும் வைத்தால் நாலு போதும். என் எண்ணம் இது: பாதியாக்குவதற்குக் கருவியே வேண்டாம். ஒரு குவியலை இரண்டாகப் பிரித்து ஒத்துப் பார்த்தால் போதும். மூன்றாகப் பிரிப்பது கண்ணுக்குக் கஷ்டம். நம் முகத்தலளவையில் கிட்டத்தட்ட எல்லாமே இரட்டிப்புதான்: எட்டுப் படி ஒரு மரக்கால், இரண்டு மரக்கால் பதக்கு, இரண்டு பதக்கு தூணி. தூணியிலிருந்து கலத்துக்குப் போகும்போது மட்டும் மூன்று. அதனால்தான் கலத்துக்கு 12 மரக்கால்.

அம்மா ஒரு கணக்குப் போட்டாள். இட்லிக்கு நாலுக்கு ஒன்று உளுந்து. உளுந்து அரைப்படி போட்டால் அரிசி எவ்வளவு? சின்னவன் ஆழாக்கு ஆழாக்காகப் புளியங்கொட்டை வைத்து 16 எண்ணி, "ரெண்டு படி" என்றான். உடனே நான் கேட்டேன்: ஒரு தட்டில் நாலு இட்லி வேக 10 நிமிஷம். நாலு தட்டில் 16 இட்லி வேக? "நாப்பது" என்றான் தயங்காமல். அம்மா அவனை அடுப்படிக்குக் கூட்டிப்போய் மாலை இட்லிக்கு அடுப்பேற்றிக் காட்டினாள். பெருக்கவேண்டிய கணக்கு எது, பெருக்கக்கூடாத கணக்கு எது என்பதை இட்லிப் பானை சொல்லிக்கொடுத்தது மாதிரி என்னால் சொல்லியிருக்க முடியாது.

இரட்டிப்புக்கு இன்னொரு புதிரும் சேர்ந்தது. என் பாட்டி சொன்னது, பல வீடுகளில் சொல்வதுதான். ஒருவர் கொஞ்சம் பூ கொண்டுபோகிறார். குளத்தில் நனைத்தால் பூ இரட்டிக்கும். நனைத்துக் கோயிலில் வைக்கிறார். இப்படி மூன்று குளம், மூன்று கோயில். மூன்றிலும் ஒரே எண்ணிக்கை வைக்கிறார், கடைசியில் கையில் ஒன்றும் இல்லை. எத்தனை கொண்டுபோனார், எத்தனை வைத்தார்?

முன்னாலிருந்து போனால் திண்டாட்டம். பின்னாலிருந்து வரச் சொன்னேன், புளியங்கொட்டையோடு. கடைசிக் கோயிலில் 8 வைத்தார் என்று வைத்துக்கொள். நனைக்கும் முன் 4. அதற்கு முந்தின கோயிலில் 8 வைத்துவிட்டு மிஞ்சியது இந்த 4, ஆக 12. நனைக்கும் முன் 6. அதற்கு முன் 14, நனைக்கும் முன் 7. ஏழு பூ, எட்டு எட்டாக. எட்டுக்குப் பதில் 5 வைத்துப் பார்க்கிறேன் என்றான் எதிர்வீட்டுப் பையன். இரண்டரைப் பூவில் மாட்டிக்கொண்டான். மூன்று தடவை பாதியாக வேண்டுமே, எட்டின் மடங்காக இருந்தால்தான் பூ கிழியாது. நாலு கோயில் என்றால் 15 பூ, 16 வைப்பார். "15ஆ? அம்மாச்சி அளவையெல்லாம் சேத்தா வர்ற 15!" என்றாள் மூத்தவள். 1, 2, 4, 8. நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே சொன்னாள்.

கள்ளத் தராசு

துளை தவறிய கதை வீணாகவில்லை. அதிலிருந்து ஒரு புதிர் எடுத்தோம். ஒரு கடைக்காரரின் தராசில் ஒரு கை 4 பங்கு, மறு கை 5 பங்கு நீளம். தட்டின் எடையைச் சரிக்கட்டிக் காலியாக இருக்கும்போது சமமாக நிற்கும்படி வைத்திருக்கிறார். ஒருவர் 2 கிலோ வெல்லம் கேட்கிறார். சந்தேகம் வந்து, "ஒரு கிலோவை இந்தத் தட்டில் நிறுங்க, இன்னொரு கிலோவைத் தட்டு மாத்தி நிறுங்க" என்கிறார். நியாயம் கிடைத்ததா?

கிடைத்ததற்கு மேலேயே கிடைத்தது. கல் குட்டைக் கையில் இருந்தால் வெல்லம் 800 கிராம். கல் நீளக் கையில் இருந்தால் வெல்லம் 1250 கிராம். மொத்தம் 2050. கடைக்காரருக்கு 50 கிராம் நஷ்டம். எந்த அளவில் கை ஏற்றத்தாழ்வாக இருந்தாலும் இப்படி மாற்றி நிறுத்தால் வாங்குகிறவருக்குக் கூடுதலாகத்தான் வரும். நம்பாமல், பழைய மூங்கில் பிளாச்சில் 16 செ.மீ., 20 செ.மீ. கையோடு ஒரு கள்ளத் தராசு கட்டி, 90 பையை வைத்து நிறுத்துப் பார்த்தார்கள். ஒரு தடவை எழுபத்திரண்டை ஒட்டி, மறு தடவை நூற்றுப்பன்னிரண்டை ஒட்டி வந்தது. இரண்டும் சேர்ந்து 180ஐத் தாண்டியது.

பிள்ளைகள் சொந்தமாக எழுதிய புதிர்கள் இப்போது ஒரு நோட்டில் 23 இருக்கின்றன. அம்மாதான் நீதிபதி. "தக்காளி கிலோ 5 ரூபாய்" என்று வந்த ஒன்றை, "எந்த ஊர்லடா?" என்று திருப்பி அனுப்பினாள். விடை சரியாக இருந்தும் தள்ளினாள். எனக்கும் அது சரி என்றே பட்டது. வீட்டில் நடக்காத விலை, யாரும் வாங்காத அளவு, யாரும் போகாத வேகம் வந்தால் பிள்ளை கணக்கை நம்பாமல் எண்களை மட்டும் எடுத்துப் பெருக்கத் தொடங்கிவிடும். நோட்டில் எனக்கு ரொம்பப் பிடித்தது சின்னவன் எழுதியது: "அம்மாச்சிக்கிட்ட 10 பையும் 90 பையும்தான் இருக்கு. 30 பையை எலி கடிச்சிருச்சு. 50 கிராம் எப்படி நிறுப்பாங்க?" முதல் எடையில் 80 கிராம் பருப்பு: ஒரு பக்கம் 90, பருப்போடு 10. அந்த 80ஐ இரண்டு தட்டிலும் சமமாகப் பிரித்தால் நாற்பது நாற்பது. நாற்பதை எடுத்து, 10 பைக்குச் சமமாக இன்னும் பத்துக் கிராம் நிறுத்துச் சேர்த்தால் 50. இந்த வழியில் மூன்று தடவை நிறுக்க வேண்டும். 90ஐயும் 10ஐயும் ஒரே தட்டில் வைத்து 100 கிராம் பருப்பு நிறுத்து, அதை இரண்டு தட்டிலும் சமமாகப் பிரித்தால் இரண்டே தடவையில் முடிந்துவிடும்.

எலி நிஜமாகவே 30 பையின் துணியைக் கடித்திருந்தது. உள்ளே உறை தப்பிவிட்டது. இப்போது நாலையும் எவர்சில்வர் டப்பாவில் மாற்றி, டப்பாவோடு சேர்த்து மறுபடி நிறுத்துச் சரிசெய்திருக்கிறோம்.

அடுத்த கல் 810 கிராம். நாலு கல்லையும் ஒரு தட்டில் வைத்து அதற்குச் சமமாக 400 கிராம் மணல், இரண்டும் சேர்ந்து 800, அதோடு ஒரு சிரிஞ்ச். ஐந்தும் சேர்ந்தால் 1210 கிராம் வரை போகலாம். கொட்டாங்கச்சி அதைக் கொள்ளாது, ரீப்பர் கட்டையும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். எதிர்வீட்டுப் பையன் அவன் வீட்டில் கிடக்கும் பழைய அலுமினிய ஆன்டெனாக் குழாயை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான்.